நான்காவது ரேக்கில் சிவந்த நாமம்

“அபாயம் வருகிறது என்று கத்துகிறவனின் வாயைப் பொத்துகிறவன் கொலைகாரனைவிடக் கீழானவன். இந்த வாக்கியத்தைக் கல்லில் வெட்டி என் தலைமாட்டில் நட்டால்கூட எனக்கு ஆட்சேபணை இல்லை.”

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில், காணிப்பாக்கம் திருப்பத்தைத் தாண்டியதும், துப்பறிவாளர் கோவர்த்தனன் இதைச் சொன்னார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. அவர் இந்த மாதிரி விஷயங்களைச் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

அவர் சொல்லும்போது டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த பஸ்ஸர் ‘கீ... கீ...’ என்று அலறிக்கொண்டிருந்தது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டில் ஏறி வசதியாக உட்கார்ந்திருந்தது.

உதவியாளர் ஷோபா மடியில் தண்ணீர் பாட்டிலோடு இருந்தாள். நகரி ஊர்ப் பெண். துப்பறியும் வேலை என்று நம்பிச் சேர்ந்தவள். இதுவரை அதிகம் கண்டுபிடித்தது சாலையோரக் குழாய்களைத்தான்.

“இது கத்திக்கினு இருக்குதே சார், இத்த இன்னா பண்றது?”

“மதிக்கணும். வண்டியை ஓரம் கட்டறேன், தண்ணி ஊத்து. மெக்கானிக் கங்கையா இந்த ஒயரைப் புடுங்கிடட்டுமான்னு கேட்டான். அவன் மூஞ்சியைப் பார்க்கவே எனக்கு அருவருப்பா இருந்துச்சு. சத்தத்தை நிறுத்திட்டா சூடு குறைஞ்சிடுமா?”

“ஓட்டை ஹோஸை மாத்தட்டுமானுகூடத்தான் கேட்டாரு. அதுக்கும் வேணான்னுட்டீங்க.”

“அது வேற சப்ஜெக்ட்.”

ஷோபா இறங்கித் தண்ணீர் ஊற்றினாள். காரின் முன்கண்ணாடியில் அவள் எப்போதோ தொங்கவிட்ட பூச்சரம் காய்ந்து, வெறும் வாழைநாராக ஆடிக்கொண்டிருந்தது. பஸ்ஸர் அடங்கியது. கார் திருப்பதியை நோக்கி நகர்ந்தது.

சந்திரகிரி தாண்டி இருந்தது ‘அலர்மேல் கம்ப்யூட்டிங்’. வெளியிலிருந்து பார்த்தால் கல்யாண மண்டபம். உள்ளே ஃபேனுக்கு அடங்காத ரகக் கம்ப்யூட்டர்கள். ரேக் என்று சொல்லப்படும் ஆளுயர இரும்பு பீரோக்களில் அவற்றை அடுக்கி, கார் ரேடியேட்டரில் ஓடுவதுபோல ஒரு குளிர்ச்சித் திரவத்தைக் குழாய் வழியாக ஓடவிட்டிருந்தார்கள். கூலன்ட் என்று பெயர். அது குழாய்க்குள் இருக்கும்வரை அமிர்தம். வெளியே வந்தால் எமன்.

நேற்று வெளியே வந்துவிட்டது. ஹைதராபாத்காரர்களின் புராணப் படம் ஒன்றுக்கு அங்கே கிராபிக்ஸ் தயாராகிக்கொண்டிருந்தது. நான்காவது ரேக் ஷார்ட் ஆகிப் புகைந்ததில் ராவணனின் பத்துத் தலைகளில் நாலு தலை கருகிப் போயின. ராமர் செய்யவேண்டிய வேலை.

முதலாளி சம்பத்குமார் வாசலுக்கே வந்தார். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்த குடும்பம். இவர் மட்டும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டார்; வரும்போது கைங்கரியத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கட்டடம் முழுக்கப் பச்சைக் கற்பூர வாசனை.

“வாங்கோ வாங்கோ. கேஸெல்லாம் முடிஞ்சுடுத்து. தண்ணியக் கொட்டினவ அதோ உக்காந்திருக்கா. ஸ்டேஷன்லேர்ந்து ஜீப் கிளம்பியாச்சாம். இன்சூரன்ஸ்காரா வெளி ஆள் ஒருத்தர் பார்த்துச் சொல்லணும்கறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டேள்னா போறும்.”

வராந்தாவில், குற்றவாளி தரையில் உட்கார்ந்திருந்தாள். துப்புரவு வேலை செய்யும் செங்கம்மா. பக்கத்தில் அவளுடைய மாப்பும் பக்கெட்டும். பக்கெட்டின் கைப்பிடியில் யாரோ ‘தொடாதே’ என்று தெலுங்கில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அவள்மேல் ஒட்டத் தேவைப்படவில்லை, அவள்தான் நகரவே இல்லையே.

“சார், நான் ஒண்ணும் கொட்டல சார். மாப்பை ஒட்டப் புழிஞ்சிட்டுத்தான் தொடைப்பேன். சாயங்காலம் புத்தூர்ல எம் பொண்ணைப் பாக்க மாப்பிள்ள வீட்டுக்காரங்க வராங்க. நான் ஜீப்புல ஏறினது தெரிஞ்சா, அவங்க பஸ்ஸே ஏற மாட்டாங்க சார்.”

கோவர்த்தனன் குந்தி உட்கார்ந்தார். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இதுல சோப்பு, பினாயில், ஏதாவது போடுவியா?”

“அத்தெல்லாம் உள்ள எட்துனு போவக் கூடாதுனு ஐயா சொல்லிக்கீறாரு. வெறும் தண்ணிதான்.”

“நல்லது. எழுந்திருக்காதே. இன்னும் கொஞ்ச நேரத்துல நீயே எழுந்து நடந்து போவே.”

செங்கம்மா கை கூப்பினாள். ஷோபாவுக்குத் தன் முதலாளிமேல் முதல்முறையாக மரியாதை வந்தது. புதிதாக இருந்ததால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ரேக் அறைக்குள் போனார்கள். ஒவ்வொரு ரேக்கின் கதவிலும், இடுப்பு உயரத்தில், வெள்ளைத் திருமண் இட்டு நடுவே மஞ்சள் ஸ்ரீசூர்ணக் கோடு போட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாமே மஞ்சள். நான்காவதில் மட்டும் நடுக்கோடு செக்கச்செவேல் என்று கீழே இறங்கி ரேக்கின் அடிவரை வழிந்திருந்தது.

“இது என்ன சார், இவருக்கு மட்டும் கலர் மாத்தி இட்டிருக்கீங்க?” என்றாள் ஷோபா.

சம்பத்குமாரின் கண்கள் கலங்கின.

“நான் இடலைம்மா. தானா சிவந்தது. எங்காத்துல மஞ்சள்தான் வழக்கம். ரேக் வடகலையிலேர்ந்து தென்கலைக்கு மாறிடுத்தோன்னு முதல்ல பயந்துட்டேன். அப்பறம்தான் புரிஞ்சுது, பெருமாள் முகம் சிவந்து காட்டறார்னு. சக்கரைப் பொங்கல் தளிகை பண்ணி, ஸ்டாஃப் எல்லாருக்கும் குடுத்தேன். ஃபோட்டோ எடுத்து எங்க பந்துக்கள் வாட்ஸாப் குரூப்ல போட்டேன். துபாய்லேர்ந்தெல்லாம் சேவிச்சா.”

“அந்த ஃபோட்டோவை நானும் சேவிக்கலாமா?” என்றார் கோவர்த்தனன்.

படத்தில் நாமம் பாதிக்கு மேல் சிவந்திருந்தது. கீழே தரை பளபளத்தது. கோவர்த்தனன் அதை வெகுநேரம் பார்த்தார்.

“இது எப்போ எடுத்தது?”

“போன மாசம், கங்கம்மா ஜாத்திரை சமயம். ஊரே வேஷம் போட்டுண்டு சுத்தித்தே, அன்னிக்கு.”

கோவர்த்தனன் மெதுவாகத் தலையசைத்தார். பிறகு, “உங்க ஸ்ரீசூர்ணம் கொஞ்சம் வேணும். இதுல என்ன இருக்கு?” என்று கேட்டார்.

“சுத்த மஞ்சப்பொடி. ஆத்துலயே இடிச்சது.”

ஒரு டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து இரண்டாக்கினார். இரண்டிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவினார். ஒன்றில் செங்கம்மாவின் பக்கெட் தண்ணீரைச் சொட்டவிட்டார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. இன்னொன்றை நான்காவது ரேக்குக்கு அடியில் தேங்கியிருந்த ஈரத்தில் ஒற்றினார். நனைந்த இடம் கண்ணெதிரே சிவந்தது.

“ஆரத்தித் தட்டு!” என்றாள் ஷோபா.

“அதேதான். மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு போட்டா எதனால சிவக்குதோ, அதனாலதான் இதுவும் சிவக்குது. கூலன்ட்டுலயும் சுண்ணாம்பு குணம் கொண்ட மருந்து கலந்திருக்கு. பெருமாள் கோபப்படலை, சம்பத்குமார் சார். உங்க ரேக் ஒழுகியிருக்கு. ஜாத்திரை சமயத்துலேர்ந்து உங்க கண்ணு முன்னாடியே ஒழுகியிருக்கு. நீங்க அதுக்குப் பொங்கல் வச்சிருக்கீங்க.”

சம்பத்குமார் சிவந்த காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கோவர்த்தனன் கதவைத் திறந்து வராந்தாவுக்குக் குரல் கொடுத்தார். “செங்கம்மா! ஜாத்திரையப்போ நீ எங்க இருந்தே?”

“லீவு போட்டுக்கினு புத்தூருக்குப் பூட்டேன் சார். நான் வந்து பாக்கும்போதே அந்தக் கோடு செவப்பாத்தான் கீது. தொடைக்கட்டுமானு கேட்டேன். தொட்டே கைய ஒடைப்பேன்னாரு ஐயா.”

அவள் வராந்தாவில் எழுந்து நின்றாள். யாரும் எழச் சொல்லவில்லை. கால் தானாக எழுந்துவிட்டது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் கோவர்த்தனனுக்குச் சித்தூரில் சிலை வைத்திருக்கலாம். அவரோ கேள்வி கேட்கிற சுவாரசியத்தில் இருந்தார்.

“இவ்வளவு நாள் ஒழுகியிருக்கு. கசிவைக் கண்டுபிடிக்கிற கருவின்னு ஒண்ணு இருக்கணுமே?”

மூலையில் நின்றிருந்த இளம் என்ஜினியர் யஸ்வந்த் ஒரு அடி முன்னால் வந்தான். அடர்த்தியான மீசை, அதற்குக் கீழே குரல் மட்டும் மெலிந்திருந்தது.

“இருக்கு சார். அதோ, தரையில ரேக்கைச் சுத்திப் போகுதே கயிறு மாதிரி, அதான் லீக் சென்சார். ஒரு சொட்டு பட்டாலும் அலாரம் அடிக்கும்.”

“அடிச்சுதா?”

“அடிக்கலை சார்.”

“ஏன்?”

யஸ்வந்த் சம்பத்குமாரைப் பார்த்தான். சம்பத்குமார் நாமத்தைப் பார்த்தார்.

ஷோபா தரையில் படுக்காத குறையாகக் கயிற்றைப் பின்தொடர்ந்து போய், ரேக்கின் பின்பக்கம் நின்றாள். “சார், இங்க வாங்க.”

கயிற்றின் முனையிலிருந்த பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. சும்மா தொங்கவில்லை. ஒயரை நேர்த்தியாகச் சுருட்டி, பூக்கட்டும் வாழைநாரால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். பிளக்கின் வெள்ளை முதுகில், அச்செடுத்ததுபோல, ஒரு மஞ்சள் கட்டைவிரல் ரேகை.

கோவர்த்தனன் பிளக்கைப் பார்த்தார். யஸ்வந்தின் காலரைப் பிடித்து, வராந்தாவின் அந்தக் கோடிக்கு நடத்திக்கொண்டு போனார். ஷோபாவும் போனாள்.

“யார் புடுங்கினது?”

“நேனு செப்பினட்டு செப்பொத்து சார்” என்று தெலுங்கில் கும்பிட்டான் யஸ்வந்த். பிறகு அதையே தமிழிலும் கும்பிட்டான். “நான் சொன்னதா சொல்லிடாதீங்க சார். சார் தினம் காலைல ரேக்குக்கெல்லாம் தீர்த்தம் தெளிப்பார். ரெண்டு சொட்டு அந்தக் கயிறு மேல விழும். உடனே அலாரம் கத்தும். ஸ்லோகத்துக்கு நடுவுல கத்துது, அபசகுனம்னு ஒரு நாள் சாரே புடுங்கிக் கட்டி வெச்சுட்டார். நான் பார்த்துக்கினுதான் நின்னேன்.”

“பார்த்துட்டு?”

“மா நைனாவுக்கு, எங்க அப்பாவுக்கு, நான் ஒரே பிள்ளை சார். இந்த வேலை போனா...”

“தூ!” என்றார் கோவர்த்தனன். “வெளிய ஒரு பொம்பளை ஜீப்புக்காக உக்காந்திருக்கா. உனக்கு உண்மை தெரியும். வாயை மூடிக்கினு நிக்கிறே. புடுங்கினவனையாவது பக்தின்னு மன்னிக்கலாம், உன்னை எதுல சேர்க்கறது? அந்தக் கயிறுக்குக்கூட ஒரு சொட்டு பட்டா கத்தற மானம் இருக்கு. உன் வாயில மீசையைத் தவிர ஒண்ணும் இல்லை. உன்னை மாதிரி ஆளைப் பார்த்துட்டுப் போய்க் குளிக்கணும்டா எனக்கு.”

யஸ்வந்த் அழுதேவிட்டான். ஷோபாவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

“அத்த இவர்கிட்ட சொல்லி இன்னா சார் புண்ணியம்?” என்றாள். “ரேகைக்குச் சொந்தக்காரர் உள்ள கீறாரு.”

“அங்கதான் போறேன்.”

சம்பத்குமாரின் அறை கண்ணாடியால் ஆனது. வெளியிலிருந்து பார்க்கலாம், கேட்க முடியாது. கோவர்த்தனன் உள்ளே போய் விரலை நீட்டிப் பேசுவதை ஷோபா பார்த்தாள். சம்பத்குமார் தலை குனிந்து கேட்டார். இடையிடையே கும்பிட்டார். பிறகு எழுந்து, பக்கத்திலிருந்த இன்னொரு கண்ணாடி அறையின் கதவைத் திறந்து காட்டினார். சுழல் நாற்காலி. கண்ணாடி மேஜை. சுவரில் புத்தம்புது ஏ.சி. கதவில் பெயர்ப்பலகைக்கான இடம் மட்டும் காலி.

கோவர்த்தனனின் சித்தூர் அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. தகரக் கூரை. மே மாதத்தில் அங்கே உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர்கள் குற்றமே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள்.

நீட்டிய விரல் மடங்குவதை ஷோபா பார்த்தாள். அவர் ஏ.சி.க்கு நேராக நின்றார். முதலில் உள்ளங்கையைக் காட்டினார். பிறகு கழுத்தை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். சம்பத்குமார் வெள்ளிக் கிண்ணத்திலிருந்து ஒரு உத்தரணி தீர்த்தம் எடுத்தார். கோவர்த்தனனின் கை குழிந்தது.

வெளியே ஜீப் வந்து நின்றது.

எஸ்.ஐ. ரமணா சலிப்போடு இறங்கினார். “எவரு? சீக்கிரம் செப்பண்டி. எனக்கு பந்தோபஸ்து இருக்கு.”

செங்கம்மா நிம்மதியாகச் சிரித்தாள். “நான் இல்லீங்க சாரு. அந்த ஐயா கண்டுபுடிச்சிட்டாரு.”

கோவர்த்தனன் வந்தார். நேராக நான்காவது ரேக்கின் பின்பக்கம் போனார். ஷோபாவும் பின்னாலேயே போனாள். அவர் குனிந்து, கைக்குட்டையால் பிளக்கைத் துடைத்தார். வாழைநாரைப் பிரித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஒயரைத் தளர்த்தித் தொங்கவிட்டார். எல்லாம் மென்மையாக, தூங்குகிற குழந்தையின் சட்டையைக் கழற்றுவதுபோல நடந்தது.

“சார்” என்றாள் ஷோபா. “இன்னா பண்றீங்க?”

“தூசி.”

அவர் வராந்தாவுக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கசிஞ்சது கூலன்ட்தான். அது மெஷின் கோளாறு. ஆனா அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டிய சென்சார் வேலை செய்யலை. பிளக் கழன்று கிடக்கு. தினம் அந்த மூலையைத் துடைக்கிற ஆள் ஒருத்தர்தான். மாப்புக் குச்சி இடிச்சுக் கழன்றிருக்க முழு வாய்ப்பு இருக்கு. என் ரிப்போர்ட் அதுதான்.”

செங்கம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. சேதி வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இன்னா பிளக்கு சார்?” என்றாள். “ஜாத்திரைக்கு நான் ஊர்லயே இல்லியே?”

“ஜாத்திரைக்கு முன்னாடியே இடிச்சிருப்பே.”

“கழன்ற பிளக்கு தானே சுருட்டிக்கினு, தானே நாரால கட்டிக்குமா சார்?” என்றாள் ஷோபா, எல்லாருக்கும் கேட்கும்படி.

எஸ்.ஐ. திரும்பினார். “ஏ நாரு? எந்த நார்?”

கோவர்த்தனன் சட்டைப்பையைத் தொடவில்லை. “ஷோபா, வண்டிக்குத் தண்ணி ஊத்து” என்றார். “அவ புதுசு சார். கயிறுன்னு இருந்தா அதுக்கு ஒரு முடிச்சும் இருக்கும்னு நினைப்பா.”

எஸ்.ஐ. சிரித்தார். சம்பத்குமாரும் சிரித்தார். ஷோபா யஸ்வந்தைப் பார்த்தாள். அவன் கண்ணைத் துடைத்துவிட்டுக் கோவர்த்தனனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமெல்லாம் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரை வரவேற்கிற பார்வை.

செங்கம்மா ஜீப்பில் ஏறினாள். பக்கெட்டும் ஏறியது. ஏறும்போது ஷோபாவின் கையைப் பிடித்து, ஒரு ஃபோன் நம்பரைச் சொன்னாள்.

“எம் பொண்ணு மாதவிக்குப் போட்டு, அம்மா வேலையில மாட்டிக்கினா, கொஞ்சம் லேட்டாவும்னு சொல்லும்மா. பஜ்ஜிக்கு மாவு கரைச்சு வெச்சிக்கினு இருக்கட்டும். ஸ்டேஷன்னு மட்டும் சொல்லிடாதே.”

திரும்பி வரும் வழியில் கோவர்த்தனன் வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டையிலிருந்த மஞ்சள் நெற்றியில் நீளமாக ஒட்டிக்கொண்டது. ஷோபா சொல்லவில்லை.

“உனக்கு அனுபவம் பத்தாது” என்றார் கடைசியில். “அவளை ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க.”

“மாப்பிள்ள வீட்டுக்காரங்க ரெண்டு நாள் உக்காந்து பஜ்ஜி துன்னுவாங்களா சார்?”

பாகாலா பக்கம் வரும்போது பஸ்ஸர் கத்த ஆரம்பித்தது. முள் சிவப்பில் ஏறியது. பாட்டிலில் தண்ணீர் இல்லை. கிளம்பும் முன் ஊற்றச் சொன்னபோது ஷோபா அசையவே இல்லை. கோவர்த்தனன் காரை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். நிறுத்திய பிறகும் அது கத்தியது.

ஷோபா மாதவிக்கு ஃபோன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் பெண்.

“மாதவியா? உங்க அம்மா... அம்மாவோட வேலை செய்யறவங்க பேசறேம்மா.”

“சொல்லுங்கக்கா. அம்மா கிளம்பிட்டாங்களா? இங்க எல்லாரும் வந்துக்கினு இருக்காங்க. அக்கா, அங்க இன்னா அப்படிக் கத்துது? ஒண்ணுமே கேக்கல.”

ஷோபா முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

கோவர்த்தனன் குனிந்தார். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சத்தம் நின்றது. முள் மட்டும் சிவப்பிலேயே இருந்தது.

“இப்ப நல்லா கேக்குதுக்கா” என்றது ஃபோன். “அம்மா எப்ப வருவாங்க?”

கோவர்த்தனன் பிடுங்கிய ஒயரை விரலில் நேர்த்தியாகச் சுருட்டினார். எதனால் கட்டுவது என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்த வாழைநாரை எடுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டார்.